ஒற்றைத் தும்மல்

உதய்க்குத் தும்மல் முட்டிக்கொண்டு வந்தது. பெண் பார்க்க வந்த வீட்டில் மாப்பிள்ளை தும்மலாமா? கண்ணை உருட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்னா தம்பி, மூஞ்சி செவந்து கீது?" என்றார் பெண்ணின் அப்பா ராஜப்பா. தங்கச் சுரங்கக் குடியிருப்பான கோரமண்டலில் இருந்த அந்தச் சின்ன வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகை.

"வெக்கம்ங்க," என்றாள் உதயின் அம்மா சரோஜம்மா.

ராஜப்பா சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். "சுரங்க ஷாஃப்ட்டுல எறங்கி நான் தூசி தின்னதே போதும்மா. தூசி வேலைக்காரனுக்குப் பொண்ணு கெடையாதுன்னு சத்தியமே பண்ணிட்டேன். தம்பிக்குப் பேப்பர் மில்லு. வெள்ள வேலை!"

"பேப்பர் மாதிரியே வெள்ளைங்க," என்றாள் சரோஜம்மா, மகன் பக்கம் திரும்பாமல்.

காகிதம் காய நீராவி வேண்டும். நீராவிக்கு நிலக்கரி வேண்டும். அந்த மில்லின் பாய்லருக்குக் கரி தள்ளுகிறவன் உதய். காலையில் ஒரு முழு சோப்பைக் கரைத்துக் குளித்திருந்தான். மூக்குக்குள் சோப்பு போகவில்லை. தும்மினால் வெளியே வரப்போவது கெட்ட சகுனம் மட்டுமல்ல.

வாணி காபித் தட்டோடு வந்தாள். மஞ்சள் பட்டு, மஞ்சள் வளையல், இடுப்பில் செருகிய கறுப்புக் கைக்குட்டை. நல்ல நாளில் கறுப்பா என்று சரோஜம்மா முகம் சுளித்தாள்.

"எம்பொண்ணும் பேப்பர் மில்லுதாங்க, வேற மில்லு. லேப்புல வெள்ளக் கோட்டு!" என்றார் ராஜப்பா.

உதய் நிமிர்ந்து வாணியைப் பார்த்தான். மூச்சைப் பிடிக்க மறந்துபோனான்.

"ஹச்!"

வெள்ளைக் கைக்குட்டை எப்படியோ மூக்குக்கு வந்துவிட்டது. அதில் திட்டாகக் கரி. சட்டென்று முஷ்டிக்குள் கசக்கினான். பார்த்தது, எதிரே குனிந்து காபி நீட்டிய வாணி மட்டும்தான்.

ராஜப்பாவின் சிரிப்பு நின்றது. "ஒத்தத் தும்மல்..." என்று நாற்காலியை விட்டு எழுந்தார். "நல்ல காரியத்துல இன்னா தம்பி இது? இன்னொரு நாள் பாக்கலாம்."

"ஹச்!" என்றாள் வாணி, கறுப்புக் கைக்குட்டைக்குள்.

"ரெட்ட!" சரோஜம்மா துள்ளிக் குதித்தாள். "ரெட்டத் தும்மலுங்க! நல்ல சகுனம்!"

"அட, ஆமா! ரெட்டதான்! இன்னிக்கே தட்டு மாத்திக்கலாம், வாங்க!" வெற்றிலை எடுக்க ராஜப்பா உள்ளே ஓடினார். அவர் மனசு மாறிவிடப்போகிறதென்று சரோஜம்மாவும் பின்னாலேயே ஓடினாள்.

உதய் குரலைத் தாழ்த்தினான். "வாணி, உங்ககிட்ட ஒரு உண்மை சொல்லணும். நான் மில்லுல..."

அவள் அவன் முஷ்டியைப் பிரித்து வெள்ளைக் கைக்குட்டையை உருவிக்கொண்டாள். கறுப்பை அவன் கையில் திணித்தாள்.

"வெள்ளக் கர்சீப்பா எடுத்துனு வருவாங்க? லேப்புல டெஸ்ட்டுக்குக் கரி இடிக்கப் போன அன்னிக்கே நான் வெள்ளைய நிறுத்திட்டேன்."