எட்டாவது கால்

ஒரு கதவைத் திறக்கவைக்க அன்று ஆன விலை, ஆர்டித்தின் கணக்கில், மூன்று உருண்டை ஊதாக் கம்பளி நூல். பிள்ளைகள் வேடமிட்டு வீடுவீடாக மிட்டாய் கேட்டுப் போகும் ஹாலோவீன் மாலைக்காக அவள் பின்னிய ஆக்டோபஸ் தொப்பியில் ஏழு கால்கள் தொங்கின. எட்டாவது இன்னும் குரோஷா ஊசியில் இருந்தது.

“ஆடாம நில்லு, வெர்னன்!”

“காது வெளிய தெரியுதே!”

“இந்தக் கால் வந்து மூடிடும். பறக்காத.”

“எட்டு மணிக்கு வாசல் விளக்கை அணைச்சிடுவாங்க. அப்புறம் தட்டினா யாரு திறப்பா?”

ஆர்டித் கடைசிக் கண்ணியை இழுத்து முடிச்சிட்டாள். “மூலை வீட்டுக்கு மட்டும் போ. வாயத் திறக்காத. மிட்டாய் குடுத்தா வாங்கிட்டு வந்துடு.”

எட்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில், அவள் மேப்பிள் மரத்தின் பின்னால் ஒளிந்து பார்த்தாள். மூலை வீட்டுப் படியில் வேடமிட்ட பிள்ளைகள். கடைசியில் ஆக்டோபஸ், எல்லோரையும்விட மூன்றடி உயரமாக.

கதவைத் திறந்தவள் கோரின். ‘இனிமே என் வாசல்ல கால் வைக்காதீங்கப்பா’ என்று நான்கு வருடம் முன்பு சொன்ன மகள். அவள் இடுப்பிலிருந்த பேத்தியை, எழுபது வயது வெர்னன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

குழந்தை எட்டாவது காலைப் பிடித்து இழுத்தது. தொப்பி கழன்று அதன் கையோடு போனது. வெள்ளைத் தலை வெளிச்சத்தில் நின்றது.

பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து அனுப்பினாள் கோரின். பிறகு அவர் பையில் ஒரு சாக்லேட் போட்டாள். இன்னொன்றும் போட்டாள்.

“இது மரத்துக்குப் பின்னால நிக்கற அம்மாவுக்கு. தொப்பிய இவ விடமாட்டா. நாளைக்கு வந்து வாங்கிக்குங்க.”

விளக்கு அணைந்தது. ஆர்டித் கணக்குப் பார்த்தாள்: வரவு இரண்டு சாக்லேட். வரவேண்டிய பாக்கி, ஒரு தொப்பி.