காசியில் விட்டது

குத்தம்பாக்கத்திலிருந்து காசிக்குப் போய்த் திரும்பிய முதல் ஆள் தன் புருஷன் என்பதில் தாட்சாயிணிக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் அது சின்னக் காரியமா? மணவாளன் காலையில் ரயிலிறங்கி வந்தான். மத்தியானமே ஊருக்கு விருந்து வைத்தாள். பந்தியில் உட்கார்ந்து அவன் கங்கைப் படித்துறைகளைச் சொன்னான். விசுவநாதர் கோயிலை, சாரநாத்து மான்களை, மூச்சு வாங்கத் தண்ணீருக்கு மேலே எழும்பும் நீள மூக்கு மீனைச் சொன்னான்.

"பேசின் பிரிட்ஜாண்டயே எறங்கி, யார் ஊட்லயோ படுத்துகினு வந்துட்டியா மச்சான்?" என்றான் அவள் அண்ணன் ஆனந்தன். பந்தி சிரித்தது. "காசிக்குப் போனா ஆசைப்பட்டதை வுடணுமே. நீ இன்னா வுட்டே?"

"கத்திரிக்கா."

சோதித்துப் பார்க்க ஆனந்தனே எழுந்து, கத்திரிக்காய்க் குழம்பைக் கரண்டி நிறைய அள்ளி அவன் இலையில் ஊற்றினான். குழம்பு மட்டும் விழுந்தது. மறுபடி ஊற்றினான். மறுபடியும் குழம்புதான். பக்கத்து இலையில் காய் முழுசாக விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. தாட்சாயிணி நிமிர்ந்து நின்றாள்.

"காய் எல்லாரும் வுடறதுதான்," என்று மணவாளன் மீசையைத் தடவினான். "அதுக்கு மேல எதுனா கீதான்னு கேட்டாரு ஐயரு. உசுருக்கு உசுரானதையே வுட்டேன். எவனும் வுட்டிருக்க மாட்டான்."

தாட்சாயிணி மோர்ச் செம்போடு அவன் இலைக்கு முன்னால் குனிந்தாள். அவன் அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தான்.

"காலைலேர்ந்து பாக்கறேன் ஆனந்தா. உன் தங்கச்சி எங்கடா?"