மூன்றாவது அழைப்பு

எங்கள் ஊர் நீதிமன்றத்தில் இப்போது நீதிபதி, வக்கீல், குமாஸ்தா எல்லாமே ஒரே இயந்திரம்தான். பெயர் கூப்பிட மட்டும் மனிதக் குரல் வேண்டும் என்று சட்டம் பிடிவாதமாக நிற்பதால், ஓய்வு பெற்ற டவாலியான என்னைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். நான் கூப்பிட்டால், வாசல் வேப்பமரத்துக் காக்கைகள் காரைக்காலில் போய்த்தான் இறங்கும்.

அன்றைய வழக்கு வைரக்கண்ணுவுடையது. கடலுக்குப் போனவர், ஏழு வருடமாக எந்தக் கேமராவிலும் அவர் முகம் பதியவில்லை. மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால், இறந்தவர் என்று இயந்திரம் தீர்ப்பு எழுதிவிடும். அவர் மனைவி இளவரசி கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

இரண்டு முறை கூப்பிட்டேன். காக்கைகள் கிளம்பிப் போயின. வேறு சத்தம் இல்லை.

“மூணாவது நான் கூப்பிடுறேன் அண்ணே,” என்றார் இளவரசி. இயந்திரம் அனுமதித்தது.

அவர் வாசல் பக்கம் திரும்பினார். “ஏங்க... சோறு ஆறுதுங்க, வாங்க.”

“பெயர் கூப்பிடப்படவில்லை,” என்றது இயந்திரம். “வழக்கு அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது. அன்று டவாலியே மூன்று முறையும் அழைக்க வேண்டும்.”

வெளியே வந்ததும் கேட்டேன். “புருஷன் பேரைச் சொல்ல வாய் வரலையாம்மா? இந்தக் காலத்துல அதெல்லாம் யாரு பாக்குறா?”

“சண்டை வந்தா நாள் பூரா அந்தப் பேரைச் சொல்லித்தான் திட்டுவேன் அண்ணே. இன்னிக்குச் சொன்னா முடிஞ்சிடும்ல?”

நாற்பது வருடத்தில் ஒரு நாள்கூடக் கம்மாத தொண்டை என்னுடையது. அடுத்த வாய்தாவன்று அது கட்டாயம் கட்டிக்கொள்ளும்.