மூன்றாம் சிலிண்டர்

"புது இன்ஜெக்டரும் கேடுதான் போல," என்றான் தாணுமாலயன், பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே. "கடையில திருப்பிக் குடுத்துட்டு வேற ஒண்ணு போட்டுரலாம்."

ஒர்க்‌ஷாப்பின் மூலையில் கிடந்த இரும்பு ஸ்டூலில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள் அவன் மனைவி கௌசல்யா. இந்த வண்டி முடிந்தால்தான் அவன் நேமம் ஸ்டாப்புக்கு வந்து அவளைத் தக்கலை பஸ்ஸில் ஏற்றிவிடுவான். அம்மா வீட்டில் போய் ரெஸ்ட் எடுக்கட்டும் என்று மாமியார் நேற்றுச் சொல்லிவிட்டாள். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. கேட்கக் கௌசல்யாவுக்கும் தெம்பில்லை.

கல்யாணமாகி ஐந்து வருஷம். பையின் அடியில் துணிகளுக்குக் கீழே அவளுடைய ரிப்போர்ட்டுகள் இருந்தன. எதிலும் ஒரு குறையும் எழுதியிருக்கவில்லை. "பேப்பர் சொன்னாப் போதுமா? வயிறு சொல்லணும்லா," என்பாள் மாமியார். தாணுவுக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு மட்டும் இரண்டு வருஷமாக ஸ்பேனர் பெட்டியின் அடியில் மடித்தபடியே கிடந்தது. "எனக்கென்ன கேடு?" என்று சிரித்துவிடுவான்.

அவனுடைய முதல் மனைவியும் இப்படி ரெஸ்டுக்குப் போனவள்தான். அவள் பேரைக்கூட அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை.

வண்டி பன்னிரண்டு வருஷத்துப் பழைய டீசல் கார். போன வாரம் ஒருவர் கொண்டுவந்து விட்டார். மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஸிங், சரியாக எரியவில்லை என்று தாணு அதற்கு டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றிப் புதிது போட்டான். இன்றைக்கு அவருடைய மனைவி அதே குலுக்கலோடு ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். பின்சீட்டில் ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"பழசும் கேடு, புதுசும் கேடா?" என்றாள் அந்தப் பெண், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

தாணு தலையை வெளியே எடுத்தான். வண்டி கொண்டுவரும் எல்லாப் பெண்களையும் வாய் நிறையச் சேச்சி என்று கூப்பிடுகிறவன், இவளை ஒன்றுமே சொல்லிக் கூப்பிடவில்லை. செய்த வேலை திரும்பி வந்தால் அவன் முகம் இப்படித்தான் சுருங்கிப்போகும் என்று நினைத்துக்கொண்டாள் கௌசல்யா.

"ரெண்டாவதையும் மூணாவதையும் மாத்திப் போட்டுப் பாருங்க," என்றாள் அந்தப் பெண். "கேடு இன்ஜெக்டர்லன்னா அதுகூடவே ரெண்டுக்குப் போகும். இல்லன்னா மூணுலயே நிக்கும்."

தாணு கையைத் துடைத்தான். பிறகு ஸ்பேனரை எடுத்தான்.

கழற்றிய புது இன்ஜெக்டர் ஒரு பழந்துணியின் மேல் கிடந்தது. கௌசல்யா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்து ஒரு வாரம்தான், அதற்குள் கெட்ட பேர். திருப்பி அனுப்பினால் கடைக்காரன் அதை எந்தத் தட்டில் போடுவான் என்று யோசித்தாள்.

மாற்றிப் போட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. தாணு பானெட்டை ஒரு தட்டுத் தட்டினான். வண்டி ஸ்டார்ட் ஆயிற்று. இரண்டு தட்டுத் தட்டினான். அந்தப் பெண் ஆக்சிலேட்டரை மிதித்தாள். உள்ளங்கையை விரித்தான், எஞ்சினை அணைத்தாள். இந்தத் தட்டுகளைப் படிக்கக் கௌசல்யாவுக்கு ஒரு மாசமும் அதற்குத் தகுந்த வசவும் ஆகியிருந்தன.

குலுக்கல் மாறவில்லை. அவன் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தான். மூன்று என்றே காட்டியது. இரண்டாவதில் புது இன்ஜெக்டர் பிசகில்லாமல் வேலை செய்தது.

"இன்ஜெக்டருக்கு ஒண்ணுமில்ல," என்றான், தரையைப் பார்த்து. "கேடு சிலிண்டர்லதான், மூணுல கம்ப்ரஷன் இல்ல. எஞ்சின எறக்கணும்."

"அப்ப பழசையும் சும்மாத்தான் கழட்டி எறிஞ்சிருக்கு." அந்தப் பெண்ணின் குரலில் கோபம் இல்லை.

தாணு துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் பார்க்கிறேன் என்று ரோட்டுக்குப் போய்விட்டான்.

பின்சீட்டில் குழந்தை முழித்தது. "அம்மா, வெள்ளம்."

அந்தப் பெண் இறங்கி அதைத் தூக்கிக்கொண்டாள். கௌசல்யா பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். குழந்தை குடிப்பதைப் பார்க்காமல் இருக்கத்தான் நினைத்தாள். முடியவில்லை.

"எத்தன வயசு?"

"நாலு."

"உங்கள அப்படியே உரிச்சு வச்சிருக்கு."

"எல்லாரும் சொல்லுவாவ," என்றாள் அவள். "பையும் தூக்கிட்டு நீ எங்க?"

"அம்மா வீட்டுக்கு. ரெஸ்டுக்கு."

அந்தப் பெண்ணின் கை குழந்தையின் முதுகில் அப்படியே நின்றது. அவள் பையைப் பார்த்தாள். ஸ்டூலைப் பார்த்தாள்.

"பஸ் வருது, கௌசல்யா," ரோட்டிலிருந்து தாணு கூப்பிட்டான். "வெரசா வா."

கௌசல்யா எழுந்தாள். பையின் காதைப் பிடித்த அவள் விரல்களின் மேல் அந்தப் பெண்ணின் கை வந்து படிந்தது.

"இதே ஸ்டூல்ல இப்படிப் பையோட நானும் இருந்திருக்கேன், மோளே."