பதில் வராத பெட்டி

“யாராவது இருக்கீங்களா?”

சிவப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டே அவர் மறுபடியும் கேட்டார். பொத்தானுக்கு மேலே, சல்லடைக் கண்கள் போட்ட சின்ன ஸ்பீக்கர். அதிலிருந்து ஒரு கரகரப்புகூட வரவில்லை.

லிஃப்ட் எந்த மாடியிலும் இல்லாமல், இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றிருந்தது. போன் வீட்டில் இருந்தது. யாரும் கூப்பிடாத போனைப் பால் வாங்கப் போகும்போது எதற்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்?

கல்லூரியில் தர்க்கம் நடத்தி ஓய்வு பெற்றவர். குடியிருப்பில் அவருக்கு ‘அதனாலென்ன சார்’ என்று பெயர். கடவுள் இருக்காரா சார் என்று யார் வம்புக்கு இழுத்தாலும், “இருந்தா அதனாலென்ன? இல்லாட்டி அதனாலென்ன? எப்படியும் எனக்குப் பல்லு வலிச்சா நான்தானே டாக்டர்கிட்ட போகணும்?” என்பார். கும்பிடுகிறவர்கள், கும்பிடாதவர்கள் இரண்டு கட்சியும் அவரிடம் வாய் கொடுத்துத் தோற்றிருந்தன.

கதவைத் தட்டினார். கை வலித்ததுதான் மிச்சம். ரெண்டு நாள் இங்கேயே கிடந்தாலும், ஆளைக் காணோமே என்று தேட மனைவி இப்போது இல்லை. வேறு யாருமே இல்லை. மூடிய கதவைவிட அந்த நினைப்புதான் அவரை அதிகமாகப் பயமுறுத்தியது.

“புழுங்குது வேற,” என்று சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். சற்றைக்கெல்லாம் தலைக்கு மேலே குட்டி விசிறி ஒன்று சுழல ஆரம்பித்தது. சூடு ஏறினால் தானாகவே ஓடும்போல என்று நினைத்துக்கொண்டார்.

கால் கடுத்தது. தரையில் உட்கார்ந்தார். இப்போது ஸ்பீக்கர் மேலே, அவர் கீழே. அவருக்கே சிரிப்பு வந்தது.

“சரிப்பா. நீ இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. நான் பாட்டுக்குப் பேசறேன். அதனாலென்ன?”

பேசினார். ஒத்தை ஆளுக்கு அரை லிட்டர் பால் அதிகம், பாதி திரிஞ்சு போகுது என்றார். டிவி சத்தமே ஆகாது, ஆனா அணைச்சா வீடு ரொம்பப் பெரிசாயிடுது என்றார். பல நாள் பேசாத தொண்டை முதலில் முரண்டு பிடித்தது. பிறகு அவர் நிறுத்த நினைத்தும் நிற்கவில்லை.

“என் வீட்டுக்காரி சாமிகிட்ட பேசுவா. பாத்திரம் கழுவிக்கிட்டே, ஏதோ பக்கத்து வீட்டுக்காரிகிட்ட பேசற மாதிரி. சமையல்ல உப்பு தூக்கலாப் போனதைக்கூட விட மாட்டா. ஒருநாள் பொறுக்க முடியாம கேட்டேன். ‘ஏன்டி, இத்தனை காலமாப் பேசறியே, ஒரு தடவையாவது பதில் வந்துச்சா?’ அவ குழாயை மூடினா. திரும்பி என்னைப் பாத்தா. பாத்துட்டு என்ன சொன்னா தெரியுமா...”

லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கியது. மெல்ல இறங்கித் தரைத்தளத்தில் நின்றது. கதவு திறந்தபோது வெளியே மெக்கானிக் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், காவலறையில் உட்கார்ந்து லிஃப்ட்டுகளைக் கவனிக்கும் பெண்.

அவர் அவசரமாக எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். முகத்தில் பழைய வாத்தியார் வந்துவிட்டார்.

“முதல்ல அந்த ஸ்பீக்கரைக் கழட்டிக் குப்பையில போடுங்க. கத்திக் கத்திப் பார்த்தேன். செத்துப்போன பொட்டி.”

“அது சாகல சார்,” என்றார் மெக்கானிக். “காவலறை மைக்தான் போச்சு. அங்கிருந்து பேசினா உங்களுக்குக் கேக்காது. அவ்வளவுதான்.”

வாத்தியார் நிமிர்ந்து, இன்னும் சுழன்றுகொண்டிருந்த குட்டி விசிறியைப் பார்த்தார். காவலறைப் பெண் தயங்கித் தயங்கி ஓரடி முன்னால் வந்தாள்.

“அம்மா என்ன சார் சொன்னாங்க?”