ஓரெஸ்டுக்கு ஒரு பிக்கப்

"நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேணாம்"னாரு ஓரெஸ்ட்.

கனடாவுல, சஸ்காச்சுவான்ல, நவம்பர் மாசத்துல, பிக்கப் வண்டி வாங்க வந்த ஆள் பேசுற பேச்சா இது? வெளிய பனி கொட்டுது. இந்தப் பழைய வண்டிக் கடையில நான் வேலைக்கு நிக்க ஆரம்பிச்சதுலேருந்து இப்படி ஒருத்தரைப் பாத்ததில்ல.

"பெரியவரே, அந்தக் கறுப்பைப் பாருங்க. சேத்துல விடுங்க, பனியில விடுங்க, செவுத்துல விட்டாக்கூட ஏறும்."

"அதான் வேணாங்கறேன். ஓரமா ஒரு வெள்ளை நிக்குதே, அது?"

"அது பின்சக்கரம் மட்டும் இழுக்கும். கோடையில ஐஸ்கிரீம் வாங்கப் போகலாம்."

"டயரு?"

"மொட்டை. எங்க கணக்கு வாத்தியார் தலை தோத்துடும்."

"நல்லதாப் போச்சு."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவர் ஓட்டிட்டு வந்ததே அருமையான வண்டி. அதைக் குடுத்துட்டு இந்தத் தகரத்தைக் கேக்குறாரு. ஒரே டீப்பையை மூணு தடவை முக்குற ஆள்னு ஊர்ல சொல்றது சும்மா இல்ல.

"சரி, பின்னாடி நாலு மணல் மூட்டை போட்டுத் தரேன், சும்மாவே. கனம் இருந்தா சறுக்காது."

"போட்டே, கடையைவிட்டே போயிடுவேன்."

"அய்யா, உங்க வீட்டுக்குப் போற மேட்டு வளைவுல இது கண்டிப்பா பள்ளத்துல இறங்கும். அங்க போன் எடுக்காது. விறைச்சுச் செத்துடுவீங்க. பக்கத்துல இருக்கிறது ஒரே வீடு, அதுவும் உங்க தம்பி நெஸ்டர் வீடு!"

அண்ணன் தம்பிக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பா போனப்ப, அறுவடை மெஷின் யாருக்குன்னு ஆரம்பிச்ச சண்டை. சர்ச்சுலகூட ஒருத்தர் இந்தக் கோடி, ஒருத்தர் அந்தக் கோடி. நடுவுல பாதிரியார் எந்தப் பக்கம் பாத்துப் பேசறதுன்னு முழிப்பாரு.

"அந்த வளைவு அவன் சமையக்கட்டு ஜன்னலுக்கு நேரா இருக்கு"ன்னாரு ஓரெஸ்ட்.

"அதனால? உக்காந்து வேடிக்கை பாப்பாரு."

"ஏன்டா, நம்ம பக்கத்துல பள்ளத்துல கெடக்கிறவனை எவனாவது விட்டுட்டுப் போயிருக்கானா? பரம எதிரியா இருந்தாலும் டிராக்டரை எடுத்துட்டு வந்துதானே ஆகணும்?"

வரணும்தான். இழுத்து விடுறதோட முடியாது. நடுங்குற ஆளை உள்ள கூப்பிட்டு உக்கார வைக்காம அனுப்பினா ஊரு காறித் துப்பும்.

 

"இந்தப் பாழாப்போன நல்ல வண்டியில அஞ்சு குளிர்காலம் போய்ட்டு வந்துட்டேன். வேணும்னே வளைவுல வேகமா திருப்பிக்கூடப் பாத்தேன். சனியன், ஒரு தடவை சறுக்கணுமே!"

"நேராப் போய்க் கதவைத் தட்டலாம்ல?"

"தட்டினேன். நாயை அவுத்து விட்டான்."

வெள்ளை வண்டிச் சாவியை வாங்கிக்கிட்டாரு. ஏறி உக்காந்து, கண்ணாடியை இறக்கிட்டுச் சொன்னாரு:

"நெஸ்டர் காபியைக் கொதிக்கக் கொதிக்கத்தான் ஊத்துவான். அது ஆறுற வரைக்கும் ரெண்டு பேரும் ஏதாவது பேசித்தானே ஆகணும்?"