பிறந்த கை

தயாபரனுக்குக் கோபம் தலைக்கேறியது. ஹவுன்ஸ்லோவில் பிளாஸ்டிக் குண்டு போடும் விளையாட்டுத் துப்பாக்கி விற்கும் கடையில் அவன் தூக்கிப் பார்த்த மூன்றாவது 'போர்ட்டி பைவ்' என்ற ரகப் பிஸ்டல் அது. அதிலும் சுடாமல் தடுக்கும் பூட்டு இடது பக்கம்தான். வலக்கைக்காரரின் பெருவிரலுக்கு மட்டுமே அது எட்டும்.

"போன ஞாயிறு விளையாட்டிலயும் நான் பூட்டைத் தேடுறதுக்குள்ள என்னைச் சுட்டுப்போட்டாங்கள். இடக்கைக்காரன் மனுசன் இல்லையோ, தங்கச்சி?"

"கன பேர் வலக்கைக்குப் பழகிடுவினம், அண்ணை," என்றாள் கடையில் வேலை செய்யும் அபிஷா.

"நான் ஏன் பழகவேணும்? பள்ளிக்கூடத்தில வாத்தி அடி அடியெண்டு அடிச்சும் மாறேல்லை. கத்தரிக்கோலிலயும் இந்தக் கரைச்சல்தான், இப்ப இதிலயும். பிறந்த கையில என்ன பிழை?"

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தவில்லை.

அபிஷா உள்ளே போய், இரண்டு பக்கமும் பூட்டு வைத்த பிஸ்டல் ஒன்றைத் தேடி எடுத்து வந்தாள்.

"இதைத்தான் நானும் பாவிக்கிறன். நானும் உங்கட கட்சிதான், அண்ணை," என்று சிரித்தபடி நீட்டினாள்.

ஆசையாய் வாங்கப் போனவனின் முகம் மறுபடி சிவந்தது.

"ஒரு பொருளை இடக்கையாலயோ குடுக்கிறது? வீட்டில ஒண்டும் பழக்கேல்லையோ? வலக்கையால தா!"